பழைய மனநலக் காப்பகங்கள் மேல் எனக்கு ஏன் இந்தக் கிறுக்கு? (கதை எழுதுகிறவனின் புலம்பல், கொஞ்சம் நீளம்)

#1 திண்ணைக்கதை | சனி, இரவு 11:48

வணக்கம். மூன்று மாதமாக எழுதி எழுதி அழித்த பதிவு இது. இன்றைக்கு எப்படியும் போட்டுவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பகலில் வங்கி மென்பொருள், ராத்திரியில் கதை. அச்சில் வந்தவை பதினொன்று. அதில் நான்கு கதைகள் எங்கே ஆரம்பித்தாலும் ஏதாவது ஒரு பழைய மனநலக் காப்பகத்தின் வாசலில் போய் முட்டிக்கொண்டு நிற்கின்றன. "உங்க கதையில ஒருத்தராவது வீட்டுல உக்காந்து நிம்மதியா காபி குடிப்பாங்களா?" என்று வீட்டில் கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

எங்கே தொடங்கியது என்று மட்டும் தெரியும். அப்பா மின்வாரியத்தில் இருந்தார். நான் நாலாவது படிக்கும்போது எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு நீளமான மதில், மேலே கண்ணாடிச் சில்லு பதித்தது. அதற்கு அந்தப் பக்கம் மனநல ஆஸ்பத்திரி. ஒரு நாளும் உள்ளே பார்த்ததில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் ஐந்தரை, ஆறுக்கு அங்கிருந்து தட்டுகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் வரும். பேச்சுக்குரலே இல்லாமல் தட்டுச் சத்தம் மட்டும். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. என் நான்கு கதைகளிலும் அது வருகிறது.

அமெரிக்கா வந்த பிறகு கிறுக்கு முற்றியது. இங்கே கிரேஸ்டோன் பார்க் என்று ஒரு பிரம்மாண்டமான காப்பகம். 1876இல் திறந்தது. பாடகர் உட்டி கத்ரி 1956லிருந்து 1961 வரை ஹன்டிங்டன் என்ற நரம்பு நோயோடு அங்கேதான் இருந்தார். பத்தொன்பது வயசு பாப் டிலன் அவரைத் தேடிக்கொண்டு போய்ப் பார்த்தது அந்த நாட்களில்தான். கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க்கின் அம்மாவும் அங்கே இருந்தவர். 2015இல் மையக் கட்டடத்தை இடித்தார்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். இடிப்பது என்றால் படபடவென்று விழும் என்று நினைத்திருந்தேன். அந்தக் கருங்கல்லை ஒவ்வொரு வாயாகக் கடித்துத்தான் தின்றது மெஷின்.

போன மாதம் நியூயார்க்கில் ரூஸ்வெல்ட் தீவு. பழைய பெயர் பிளாக்வெல்ஸ் தீவு. 1839இல் அங்கே திறந்த பைத்தியக்கார விடுதியில் (அன்றைய பெயர் அதுதான், மன்னிக்கவும்) மிஞ்சியிருப்பது எண்கோண வடிவக் கூடம் மட்டும். இப்போது அது வாடகைக் குடியிருப்பின் முகப்பு. சுழன்று மேலே போகும் படிக்கட்டை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு அம்மா குழந்தைவண்டியையும் இரண்டு காய்கறிப் பையையும் தள்ளிக்கொண்டு "எக்ஸ்க்யூஸ் மீ" என்று என்னைத் தாண்டிப் போனார்.

கேள்வி இதுதான். எனக்குள் இருப்பது அக்கறையா, வேடிக்கை பார்க்கும் புத்தியா? இந்தக் கட்டடங்களில் அப்படி என்ன இருக்கிறது?

#2 சுவர்க்கோழி | ஞாயிறு, காலை 7:15

கட்டட வரைவாளன் என்ற முறையில் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நீங்கள் கிரேஸ்டோனில் பார்த்தது கிர்க்பிரைடு திட்டம். தாமஸ் ஸ்டோரி கிர்க்பிரைடு, பிலடெல்பியா மருத்துவர். கட்டடமே பாதி மருந்து என்று நம்பியவர். நடுவில் நிர்வாகக் கட்டடம். இரண்டு பக்கமும் சிறகுகள், ஒரே கோட்டில் இல்லாமல் படிப்படியாகப் பின்வாங்கிப் போகும். மேலிருந்து பார்த்தால் வௌவால் சிறகு விரித்த மாதிரி. ஏன் பின்வாங்க வேண்டும்? ஒவ்வொரு வார்டுக்கும் குறுக்குக் காற்று கிடைக்க, வெயில் விழ, ஜன்னலில் மரமோ மலையோ தெரிய. அமைதியானவர்கள் நடுக்கூடத்துக்குப் பக்கத்தில், கத்துகிறவர்கள் சிறகின் கடைசியில். 250 பேருக்கு மேல் ஒரு கட்டடத்தில் கூடாது என்றார். முதலில் இந்த முறையில் எழுந்தது உங்கள் மாநிலத்து ட்ரென்டன், 1848. டோரோதியா டிக்ஸ் என்ற பெண்மணி சிறைகளிலும் ஏழை விடுதிகளிலும் மனநோயாளிகள் கிடந்த கிடையை ஊர் ஊராகப் பார்த்து எழுதி, சட்டமன்றத்தை விடாமல் நச்சரித்து வாங்கியது அது.

அதனால்தான் அவை அரண்மனை மாதிரி இருக்கின்றன. திகில் படத்துக்காக யாரும் கட்டவில்லை. குணமாகிவிடும் என்று நம்பிக் கட்டினார்கள். பிறகு இரண்டு கட்டிலுக்கு நடுவில் மூன்றாவது கட்டில் போட்டார்கள், அதற்கப்புறம் தாழ்வாரத்திலும் போட்டார்கள். குறுக்குக் காற்றெல்லாம் போச்சு.

#3 நேர்வகிடு | ஞாயிறு, காலை 9:02

> எனக்குள் இருப்பது அக்கறையா, வேடிக்கை பார்க்கும் புத்தியா?

வேடிக்கைதான் சார். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மேற்கு வர்ஜீனியாவில் வெஸ்டன் என்ற ஊர்க் காப்பகம். 250 பேருக்குக் கட்டி 1950களில் 2,400 பேரை அடைத்த இடம். 1994இல் மூடினார்கள், 2007இல் ஏலம். வாங்கியவர்கள் இப்போது டிக்கெட் போட்டுப் பேய் காட்டுகிறார்கள். ராத்திரி முழுக்கத் தங்க வேண்டுமென்றால் தனி ரேட். அந்தத் தாழ்வாரத்தில் கட்டில் இல்லாமல் படுத்துக் கிடந்தவருடைய பேரன் டிக்கெட் வாங்குவானா?

இன்னொன்று. உங்களுக்குப் பிடித்தது இடிந்த அழகு. கருங்கல், சுழல் படி, உடைந்த ஜன்னலில் வெளிச்சம். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடிகாலையில் தீப்பிடித்தபோது கட்டி வைத்திருந்த சங்கிலியை அவிழ்க்க முடியாமல் 28 பேர் இறந்தார்களே, அங்கே படிக்கட்டு கிடையாது. கீற்றுக்கொட்டகை. சாம்பலானதும் போட்டோ எடுக்க ஒன்றும் மிச்சமில்லை. அதைப் பற்றி உங்கள் நான்கு கதையில் ஒன்றாவது உண்டா?

#4 திண்ணைக்கதை | ஞாயிறு, மதியம் 12:30

இல்லை. எழுதவில்லை. நீங்கள் கேட்கும் வரை தோன்றவும் இல்லை. அதுதான் உறுத்துகிறது.

#5 பிழைதிருத்தி | ஞாயிறு, மாலை 4:41

நேர்வகிடு சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வேடிக்கை பார்க்கப் போன எல்லோரும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. திண்ணைக்கதை நின்ற அதே எண்கோணத்துக்கு இரண்டு எழுத்துக்காரர்கள் போயிருக்கிறார்கள். 1842இல் சார்லஸ் டிக்கன்ஸ். படிக்கட்டைப் பாராட்டினார், நோயாளிகளின் நிலையைப் பார்த்து முகம் சுளித்தார், சீக்கிரமாகக் கிளம்பிவிட்டார். நல்ல பத்தி, மறுப்பதற்கில்லை. அடுத்தவர் 1887இல் போன நெல்லி பிளை. முப்பத்தைந்து வருஷம் பத்திரிகை மேசையில் இருந்தவன், அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இயற்பெயர் எலிசபெத் காக்ரன். 1864இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். அப்பா வசதியான மில் முதலாளி. மகளுக்கு ஆறு வயதாகும்போது உயில் எழுதாமல் செத்துப்போனார். அம்மா மறுமணம் செய்துகொண்டது ஒரு குடிகாரனை. அடி, உதை. விவாகரத்து வழக்கில் அம்மாவுக்காகச் சாட்சிக் கூண்டில் ஏறியபோது இந்தப் பெண்ணுக்குப் பதினான்கோ பதினைந்தோ வயது. வாத்தியாராகப் படிக்கப் போய்ப் பணம் கட்ட முடியாமல் ஒரு பருவத்தோடு நின்றது. பொம்பளை வீட்டோடு இருந்தால் போதும் என்கிற பாணியில் பிட்ஸ்பர்க் நாளேட்டில் ஒரு கட்டுரை வந்தபோது, 'தனித்த அநாதைப் பெண்' என்று கையெழுத்துப் போட்டு ஆசிரியருக்கு ஒரு காட்டமான கடிதம். ஆசிரியர் ஆளைத் தேடிப் பிடித்து வேலை கொடுத்தார். யார் சொன்னால் நம்புவார்கள், யார் சொன்னால் நம்பமாட்டார்கள் என்பதைச் சின்ன வயசிலேயே கோர்ட்டில் பார்த்த பெண். இது என் ஊகம்தான், ஆனால் காப்பகம் பற்றிய அவர் எழுத்து முழுவதும் இந்த ஒரே கேள்விதான் ஓடுகிறது.

நியூயார்க்கில் புலிட்சரின் 'வேர்ல்டு' பத்திரிகை இவரிடம் கொடுத்த முதல் வேலை, பைத்தியம் மாதிரி நடித்துப் பிளாக்வெல்ஸ் தீவுக்குள் போவது. வயது 23. ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று இமைக்காமல் முழித்துப் பழகினார். ஒரு பெண்கள் விடுதியில் போய்த் தூங்காமல் உட்கார்ந்து மற்றவர்களைப் பயமுறுத்தினார். போலீஸ், நீதிபதி, பெல்வியூ ஆஸ்பத்திரி, படகு, தீவு. அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார். தீவில் காலெடுத்து வைத்ததும் நடிப்பை விட்டுவிட்டுச் சாதாரணமாகத்தான் பேசினார், நடந்தார். எவ்வளவு தெளிவாகப் பேசினாரோ அவ்வளவுக்கு நோய் முற்றியதாக எடுத்துக்கொண்டார்கள்.

பத்து நாள் இருந்து அவர் எழுதியதைப் படித்துப் பாருங்கள். சுழல் படிக்கட்டைப் பற்றி அவர் மயங்கவில்லை. ஒரு தட்டில் ஐந்து உலர்ந்த பழம், ஒரு துண்டு ரொட்டி, வாயில் வைக்க முடியாத வெண்ணெய். செப்டம்பர் கடைசிக் குளிரில் தலையில் அடுத்தடுத்து மூன்று வாளி ஐஸ் தண்ணீர். காலை ஆறிலிருந்து ராத்திரி எட்டு வரை ஆடாமல் அசையாமல் பேசாமல் பெஞ்சில் உட்கார வைப்பது, நல்ல மனுஷியையும் இரண்டு மாதத்தில் கெடுத்துவிடும் என்றார். ஜெர்மன் மட்டுமே பேசத் தெரிந்த ஒருத்தி, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்க ஒரு மொழிபெயர்ப்பாளர்கூட இல்லாமலேயே உள்ளே தள்ளப்பட்டதை எழுதினார். கட்டுரை அக்டோபரில் வந்தது. விசாரணைக்கு கிராண்ட் ஜூரி (நீதிமன்றம் அமர்த்தும் பொதுமக்கள் விசாரணைக் குழு) தீவுக்குப் போவதற்குள் நிர்வாகம் அவசர அவசரமாகக் கழுவித் துடைத்து வைத்திருந்தது. (நம்ம ஊரில் மந்திரி வருகிறார் என்றால் நடப்பதுதான்.) ஆனாலும் ஜூரி இவரை நம்பியது. பணம் கூடுதலாக ஒதுக்கினார்கள்.

திண்ணைக்கதை சார், உங்கள் கேள்விக்கு என் பதில்: படிக்கட்டைப் பார்த்தவர் கிளம்பிவிட்டார், வெண்ணெயைத் தின்று பார்த்தவர் சொன்னதைத்தான் ஜூரி கேட்டது.

#6 பனங்காய் | ஞாயிறு, இரவு 8:20

பிழைதிருத்தி அண்ணை ஒண்டை விட்டுட்டார். அந்தப் பிள்ளை உலகத்தைச் சுத்தி 72 நாளில போய் வந்தவா எல்லோ. 1889 மார்கழியில கொழும்பில இறங்கி, அடுத்த கப்பல் வெளிக்கிடாமல் ஐஞ்சு நாள் மினைக்கெட்டவா. கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் இப்பவும் துறைமுகத்துக்குப் பக்கத்தில நிக்குது, கண்டிக்கும் போய்ப் பார்த்தவா.

மற்றது, நாங்கள் சின்னனில குழப்படி செய்தால் அம்மம்மா "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்" எண்டு ஏசுவா. அங்கொடை எண்டது கொழும்புப் பக்கம் மனநல ஆஸ்பத்திரி இருக்கிற ஒரு ஊரெண்டே எனக்குப் பதினேழு வயசிலதான் தெரியும். அதுவரைக்கும் அது ஒரு வருத்தத்தின்ர பேர் எண்டு நினைச்சிருந்தனான்.

#7 ஈப்போக்காரன் | ஞாயிறு, இரவு 10:05

ஹாஹா, இங்க மலேசியாவுல தஞ்சோங் ரம்புத்தான். 1911லேருந்து ஆஸ்பத்திரி இருக்கு. இப்ப பேரு 'பஹாகியா', மலாய்ல மகிழ்ச்சின்னு அர்த்தம். ஆனா திட்டுறதுக்குப் பழைய பேருதான். சீனர், மலாய்க்காரர், நம்மாளு எல்லாரும் ஒரே மாதிரி திட்டுவாங்க. எங்கூட படிச்ச கூட்டாளி ஒருத்தன் வீடே அந்த ஊர்லதான். புது இடத்துக்குப் போனா "எந்த ஊரு"ன்னு கேட்டா "ஈப்போ பக்கம்"னு முடிச்சிடுவான். பாவம்.

#8 சுவர்க்கோழி | திங்கள், காலை 6:50

சென்னைக்கும் அதே கதைதான். 1794இல் வாலன்டைன் கனோலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர் புரசைவாக்கத்தில் பதினாறு பேருக்கு வைத்த விடுதி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. கீழ்ப்பாக்கத்தில் பள்ளிக்கூடம், பங்களா, ரயில் நிலையம் எல்லாம் இருந்தும் சினிமாவில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரே அர்த்தம்தான். லண்டன் பெத்லெம் காப்பகத்தின் பெயர் தேய்ந்து 'பெட்லம்' ஆகி, ஆங்கிலத்தில் கூச்சல் குழப்பத்துக்கே பெயராகிவிட்டது. எல்லா ஊரும் ஒரு ஊரை இதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது.

#9 வெள்ளைத்தொப்பி | திங்கள், பிற்பகல் 2:17

திண்ணைக்கதை தம்பிக்கு. நான் ஓய்வு பெற்ற நர்ஸ். முப்பத்தியோரு வருஷ சர்வீஸ்ல பாதிக்கு மேல மனநல வார்டு. எந்த ஊர்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். பேத்திதான் இந்த இழையப் படிச்சுக் காட்டினா.

நீங்க கேட்டது சாப்பிடற சத்தம் இல்லப்பா. எண்ற சத்தம்.

அலுமினியத் தட்டு, டம்ளர். சாப்பாடு முடிஞ்சதும் கழுவி, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, பத்துப் பத்தா எண்ணுவோம். ஒரு டம்ளர் குறைஞ்சாலும் வார்டு கதவைப் பூட்டிட்டுத் தலையணை உறையில இருந்து எல்லாத்தையும் தேடணும். வளைச்சு ஒடச்சா கத்தி மாதிரி ஆயிடும்னு பயம். தேடி முடிக்கிற வரைக்கும் டே டூட்டிக்காரங்க வீட்டுக்குப் போக முடியாது. பஸ் போயிடும்னு நாங்க அவசரமா எண்றதுதான் உங்க குவார்ட்டர்ஸுக்குக் கேட்டிருக்கும். பேச்சுக்குரல் இல்லன்னு எழுதியிருக்கீங்களே, எண்றப்போ யாரும் பேசக் கூடாது, கணக்கு விட்டுப்போகும். நீங்க என்னமோ ஆவி மாதிரி எழுதியிருக்கீங்க. நாங்க பஸ்ஸுக்கு நின்னவங்க.

எங்க வார்டுல ஒரு அம்மா இருந்தாங்க. தினம் காலைல குளிச்சு, ரெண்டு சேலையயும் மடிச்சு மூட்டை கட்டி, கேட் பக்கம் உக்காந்துக்குவாங்க. அண்ணன் வந்து கூட்டிட்டுப் போவாராம். சாயங்காலம் மூட்டையப் பிரிச்சுப் படுத்துக்குவாங்க. மாத்திரை எல்லாம் குறைச்சு, டாக்டர் வீட்டுக்கு அனுப்பலாம்னு எழுதியே நாலு வருஷம் ஆச்சு. சேர்க்கும்போது கொடுத்த விலாசத்துக்குக் கார்டு போட்டா "அப்படி யாரும் இல்லை"ன்னு திரும்பி வரும். நானே ரெண்டு தடவை போட்டேன். அவங்களப் பத்தி எழுதறதா இருந்தா அந்த மூட்டையோட முடிச்சு எப்படி இருக்கும்னு கேளுங்க, சொல்றேன்.

#10 திண்ணைக்கதை | திங்கள், பிற்பகல் 3:40

அம்மா, அலுவலகத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். முப்பது வருஷமாக அந்தச் சத்தத்தைத் தப்பாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூட்டை என்றதும் சொல்ல வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் வில்லர்டு என்று ஒரு காப்பகம், 1869இல் தொடங்கியது. 1995இல் மூடும்போது மாடிப் பரணில் சுமார் 400 பெட்டிகள் கிடைத்தன. சேர வந்தவர்கள் கையில் கொண்டுவந்து, திரும்பப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று ஒப்படைத்தவை. பெரும்பாலானவர்கள் திரும்பிப் போகவில்லை. மாநில அருங்காட்சியகம் வாங்கிப் பத்திரப்படுத்தியது, ஒரு புகைப்படக்காரர் ஒவ்வொன்றாகத் திறந்து படமெடுத்தார். ஆனால் முழுப்பெயர் போட முடியாது. நோயாளியின் பெயர் ரகசியம் என்று சட்டம். அங்குள்ள கல்லறைகளிலும் பெயர் இல்லை, எண் மட்டும். குழி தோண்டிய ஒருவரே அங்கிருந்த நோயாளிதான். அவர் தோண்டியது 1,500க்கு மேல்.

#11 நேர்வகிடு | திங்கள், மாலை 5:10

பெயரை மறைப்பது பாதுகாப்பு என்று சட்டம் நினைக்கிறது. செத்தவருக்கு அதில் என்ன பாதுகாப்பு? குடும்பத்துக்குத்தான்.

(வெள்ளைத்தொப்பி அம்மாவுக்கு வணக்கம். உங்களோடு சண்டை இல்லை.)

#12 மூன்றாம்மாடி | திங்கள், இரவு 11:55

இரண்டு நாளாக வாசகனாக மட்டும் இருந்தேன். நேர்வகிடு கடைசியாக எழுதியதைப் பார்த்து இதை எழுதுகிறேன்.

போன வருஷம் ஊரில் தாத்தா வீட்டை விற்றோம். தாத்தா இறந்தபோது அப்பா வாங்கிய வாரிசுச் சான்றிதழில் மூன்று பிள்ளைகள். பத்திரப் பதிவு அன்றைக்கு எதிர்வீட்டுப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அத்தை ஒருத்தி இருந்தாளேடா, அவளுக்கு ஒண்ணும் இல்லியா?" என்றார். எனக்கு அத்தையே கிடையாது, இரண்டு சித்தப்பாதான். அன்று ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து, "கல்யாணத்துக்கு முன்னாடியே ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. நான் வந்த புதுசுல ஒரு தடவை உங்கப்பா மட்டும் போய்ப் பார்த்தார். அப்புறம் போகல" என்றாள்.

தாசில்தார் ஆபீஸில் அப்பா மூன்று என்று சொன்ன அன்றைக்கு அத்தை உயிரோடு இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. அப்பா இப்போது இல்லை. அவர் நல்ல மனுஷன். வேறெதிலும் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

வெள்ளைத்தொப்பி அம்மா, திரும்பி வந்த கார்டுகளில் ஒன்று எங்கள் வீட்டிலிருந்து திரும்பியதாகவும் இருக்கலாம். இத்தனை வருஷம் கழித்துத் தேட முடியுமா?

#13 வெள்ளைத்தொப்பி | செவ்வாய், காலை 10:22

தம்பி, முதல்ல அப்பா மேல கோபப்படாதீங்க. அந்தக் காலத்துல வீட்டுல இப்படி ஒருத்தர் இருக்காங்கன்னு தெரிஞ்சா மத்த பொண்ணுங்களுக்கு வரன் வராது. நியாயம்னு சொல்லல. பார்த்ததச் சொல்றேன்.

ரெக்கார்டு ரூம்ல பழைய அட்மிஷன் ரிஜிஸ்டர் இருக்கும், கரையான் விட்டு வச்சிருந்தா. தடிமனா, சிவப்புத் துணி அட்டை. நேர்ல போங்க, உறவுன்னு காட்ட ஏதாவது எடுத்துட்டுப் போங்க, கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துட்டுக் காத்திருங்க. ஒரே நாள்ல ஆகாது. முக்கியமா வருஷம் வேணும். பேர் வரிசையில இருக்காது, சேர்ந்த தேதி வரிசையிலதான் எழுதியிருப்போம். வருஷம் இல்லாமப் போனா எந்தப் புத்தகத்த எடுக்கறதுன்னு அவங்களுக்கே தெரியாது. அம்மாகிட்ட கேளுங்க.

#14 திண்ணைக்கதை | செவ்வாய், இரவு 9:30

நான்காவது கதையைத் தொகுப்புக்காகத் திருத்த உட்கார்ந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கத்து சத்தத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்ததை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது ஒரு பெண் எண்பத்து மூன்றிலிருந்து மறுபடி ஒன்றுக்குப் போகிறாள், ஏழு மணி பஸ்ஸை நினைத்துக்கொண்டு. நேர்வகிடு, ஏர்வாடி பற்றி இப்போதைக்கு எழுத மாட்டேன். போய்ப் பார்க்காமல், அங்கிருந்தவர்களோடு பேசாமல் எழுதினால் இன்னொரு படிக்கட்டுக் கதையாகிவிடும்.

#15 மூன்றாம்மாடி | புதன், இரவு 10:48

அம்மாவிடம் கேட்டேன். அத்தை பெயரைச் சொன்னாள். இங்கே எழுத மனம் வரவில்லை, ஆனால் என் அக்காவுக்கு வைத்திருப்பது அதே பெயர்தான். அப்பாதான் வைத்தாராம்.

வருஷம் நினைவில்லையாம். "நான் கல்யாணமாகி வரதுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடி, தீபாவளிக்கு முந்தின வாரம். அந்த வருஷம்தான் வீட்டுல புதுசா ரேடியோ வாங்கினாங்களாம். சத்தமா வச்சா அவ அழுவாளாம், அதனால மூடியே வச்சிருந்தாங்கன்னு உங்க பாட்டி சொல்லுவா" என்றாள். இதற்கு மேல் அவளுக்குத் தெரியவில்லை.

#16 வெள்ளைத்தொப்பி | வியாழன், காலை 8:05

ரேடியோன்னா லைசென்ஸ் இருக்கும் தம்பி! அப்போ எல்லாம் ரேடியோவுக்குப் போஸ்ட் ஆபீஸ்ல லைசென்ஸ் எடுக்கணும். சின்னப் புத்தகமா குடுப்பாங்க, வருஷா வருஷம் பணம் கட்டி முத்திரை வாங்கணும். முதல் முத்திரைல தேதி இருக்கும். வீடு வித்தப்போ பழைய காகிதமெல்லாம் என்ன பண்ணீங்க?

#17 மூன்றாம்மாடி | வியாழன், காலை 8:31

இரண்டு தகரப் பெட்டி, சின்னச் சித்தப்பா வீட்டுப் பரணில். அப்பா பால் கணக்கு நோட்டைக்கூட வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.